முதற் செலவு எது?
குடும்பப் பொருளாதாரம் பற்றிய ஒரு பாடம்

கிராம முன்னேற்றம் என்று சொன்னதும் சாலை, பாலம், பள்ளிக் கட்டிடம், மேல்நிலை நீர்த்தொட்டி ஆகியவையே நம் கண்முன் நிற்கின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், இவை அனைத்தையும் பெற்ற ஓர் ஊரிலே, நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும்கூட, ஆடி பிறந்தவுடன் அடகுக் கடைக்கு நடக்கும் குடும்பங்கள் இருக்குமானால், அம்முன்னேற்றம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே நுழையவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ ஒரே அளவு நிலமும் ஒரே அளவு வருவாயும் உடைய இரண்டு குடும்பங்களை எந்த ஊரிலும் காணலாம். அவற்றுள் ஒன்று, ஒரு பருவம் பொய்த்தாலும் தாங்கி நிற்கிறது. மற்றொன்று, ஒரு வாரக் காய்ச்சலுக்கே கழுத்து நகையைக் கழற்றுகிறது. இவ்வேறுபாட்டுக்கு விதியை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. முதலில் செய்ய வேண்டிய செலவை முதலிலும், பிறகு செய்ய வேண்டியதைப் பிறகும் செய்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். எனவே, ஒரு குடும்பத்தின் தேவைகளுள் எது முதல், எது அடுத்தது, எது காத்திருக்கலாம் என்பதை முறையாக ஆராய்ந்து பார்ப்போம்.

வறுமை இரு வகை

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. வருவாயே வயிற்றுக்குப் போதாத குடும்பங்கள் நம் ஊர்களில் இன்றும் உள்ளன. அவர்களிடம் சிக்கனத்தைப் பற்றி உபதேசிப்பது முறையன்று. அவர்களுக்கு வேண்டியவை வேலையும், நியாயமான கூலியும், அரசாங்க உதவியுமே. இங்கிலாந்திலுள்ள யார்க் நகரத்தை ஆராய்ந்து 1901ஆம் ஆண்டில் சீபோம் ரௌன்ட்ரீ என்பவர் வெளியிட்ட நூலில் இவ்விஷயம் தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட்டது. எவ்வளவு கவனமாகச் செலவிட்டாலும் உடல் உரத்தைக் காக்கப் போதாத வருவாயை அவர் முதல்வகை வறுமை என்றார். வருவாய் ஒருவாறு போதுமானதாக இருந்தும், அதில் ஒரு பகுதி வேறு செலவுகளில் கரைந்துவிடுவதால் நேரும் குறையை இரண்டாம்வகை வறுமை என்றார். இப்பாடம் பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பற்றியதாகும். முதல்வகையைப் போக்கும் பொறுப்பு சமூகத்துக்கும் பஞ்சாயத்துக்கும் அரசாங்கத்துக்கும் உரியது.

செலவின் போக்கு எப்படி மாறியிருக்கிறது?

வருவாய் குறைந்த குடும்பம் தன் செலவில் பெரும் பங்கை உணவுக்கே கொடுக்கிறது; வருவாய் உயர உயர அப்பங்கு குறைகிறது. இவ்வுண்மையை 1857ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் எடுத்துரைத்தார். நம் நாட்டுக் கணக்கும் இதற்குச் சான்றாக நிற்கிறது. 1999-2000ஆம் ஆண்டில் இந்தியக் கிராமக் குடும்பங்களின் நுகர்வுச் செலவில் 100 ரூபாய்க்கு 59 ரூபாய்க்குமேல் உணவுக்குச் சென்றது. 2023-24ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் அது 47 ரூபாயாகக் குறைந்தது.

இதே கணக்கு மற்றொரு செய்தியையும் தருகிறது. 2022-23ஆம் ஆண்டில் கிராமக் குடும்பங்கள் தானியத்துக்குச் செலவிட்டது 100க்குச் சுமார் 5 ரூபாய். இதில் அரசாங்கம் விலையின்றி அளிக்கும் தானியத்தின் மதிப்பு சேரவில்லை. பானம், சிற்றுண்டி, தயாரித்து விற்கும் உணவு ஆகியவற்றுக்குச் சென்றதோ ஏறக்குறைய 10 ரூபாய். உழைத்துக் களைத்தவன் டீக்கடையில் அமர்வதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. ஆனால், சோற்றுக்காகக் கையிலிருந்து போவதைவிடப் பொட்டலத்துக்கும் பானத்துக்கும் அதிகம் போகிறது என்பதைப் பல குடும்பங்கள் அறியாமலே இருக்கின்றன. அறியாத செலவைக் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே கணக்கு எழுதுவதே முதற்படி.

வரிசைப்படுத்த மூன்று சோதனைகள்

நமக்கு எது மிகவும் பிரியமானதோ அதுவே மிகவும் அவசியமானது என்று மனம் சொல்லும். அதை நம்புவதைக் காட்டிலும், ஒவ்வொரு தேவையையும் மூன்று கேள்விகளில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

முதற் கேள்வி: தள்ளிப் போட்டால் கெட்டுப் போகுமா? குழந்தையின் உணவைத் தள்ளிப் போட்டால் அதன் வளர்ச்சி குன்றும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் முழுவதும் ஈடாகாது. வீட்டுக்கு வர்ணம் பூசுவதை இரண்டாண்டு தள்ளினால் ஒன்றும் கெடாது.

இரண்டாம் கேள்வி: மற்றவை இதன்மேல் நிற்கின்றனவா? குடும்பத் தலைவரின் உடல்நலம் கெட்டால் கூலியும் நிற்கும், பயிரும் நிற்கும், பிள்ளையின் படிப்பும் நிற்கும். ஆகவே உடல்நலம் அடித்தளம். தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் வேறொன்றும் நிற்பதில்லை.

மூன்றாம் கேள்வி: முன்னதாகச் செய்தால் மலிவாக முடியுமா? மழைக்கு முன் ஓடு மாற்றுவது ஒரு நாள் வேலை. மழைக்குப்பின் இடிந்த சுவரை எழுப்புவது ஒரு மாத வேலை.

மூன்று கேள்விகளுக்கும் "ஆம்" என்று விடை பெறும் தேவையே முதற் செலவுக்கு உரியது. இரண்டுக்கு ஆம் என்றால் அடுத்த இடம். ஒன்றுக்கும் ஆம் இல்லையென்றால், கையில் மிச்சம் உள்ளபோது செய்துகொள்ளலாம். கடன் வாங்கிச் செய்யலாகாது.

உணவும் நீரும்

உணவும் குடிநீரும் முதலிடம் பெறும் என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி முதல் அரிசிக் குடும்ப அட்டைகளுக்கு ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. இதனால் பசிப்பிணி பெரிதும் நீங்கியது. ஆனால் அரிசி வயிற்றை நிரப்புமேயன்றி, உடலைக் கட்டுவதற்குப் பருப்பும் கீரையும் முட்டையும் பாலும் வேண்டும். அரிசியில் மிச்சமாகும் பணம் இவற்றுக்குத் திரும்புகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். கறவை மாடு வைத்துள்ள வீட்டில் பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டுக் குழந்தைக்குக் கடும் தேநீர் கொடுப்பது, வரவு போலத் தோன்றும் நஷ்டமாகும்.

வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அவர் தாயாரே. மிஞ்சியதை உண்டு இரத்தக் குறைவோடு வயலில் நடவு நடும் பெண்ணின் உடல் தளர்ந்தால், அக்குடும்பத்தின் பாதி வருவாய் தளர்ந்துவிடும்.

உடல்நலம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முதுமொழி. குடும்பக் கணக்கிலும் இது நேர்ப்பொருளிலேயே உண்மை. வயிற்றுப்போக்கினால் ஒருவர் ஐந்து நாள் படுத்தால், மருந்துச் செலவு ஒரு பக்கம், ஐந்து நாட் கூலி மற்றொரு பக்கம். காய்ச்சி ஆறிய நீரும், கழிப்பிடமும், சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கமும் இந்நஷ்டத்தைத் தடுக்கும் மிக மலிவான சாதனங்கள்.

பெருநோய்க்குக் காப்பீடு அவசியம். 2012ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி மத்திய அரசாங்கம் தொடங்கிய திட்டமும் தமிழ்நாட்டில் இணைத்து நடத்தப்படுகின்றன. தகுதியுள்ள குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற இடமுண்டு. ஆனால், நோய் வந்த பிறகு வருமானச் சான்றிதழுக்கு அலைவோர் பலர். கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்க வேண்டிய அவ்வேலையை, வீட்டில் அனைவரும் நலமாயிருக்கும்போதே முடித்து, அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். மூன்றாம் கேள்விக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

இரத்த அழுத்தமும் நீரிழிவும் இன்று கிராமங்களிலும் பரவியுள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையை விடாது உட்கொள்பவருக்குச் செலவு சிறிது. விட்டுவிட்டவருக்குப் பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ நேர்ந்தால், நிலத்தை விற்றாலும் போதாத செலவாகிவிடும்.

தொழில் முதல்

மூன்றாவது இடம், வருவாய் தரும் முதலுக்கு உரியது. விதை, எரு, மாட்டுத் தீவனம், பம்ப் செட்டின் பழுது, தச்சனுக்கு உளி, தையற்காரிக்கு இயந்திரம் ஆகியவை இவ்வகையின. விதை நெல்லைக் குற்றி உண்ட வீடு அடுத்த போகத்தில் பிறர் களத்தில் நிற்கும் என்பது குடியானவர் அறிந்ததே. விளைச்சல் கைக்கு வந்த அன்றே, அடுத்த சாகுபடிக்கான தொகையைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

பயிருக்குக் காப்பும் இதனுள் அடங்கும். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காப்பீட்டுத் தொகையில் 100க்கு காரீப் பருவத்தில் 2 ரூபாயும், ராபிப் பருவத்தில் 1 ரூபாய் 50 காசும், வாணிபப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5 ரூபாயும் விவசாயியின் பங்காகக் கொள்ளப்பட்டன. கடைசித் தேதிக்கு முன்பே கட்டுவதுதான் முக்கியம்.

ஆனால், தொழில் முதல் என்ற பெயரால் செய்யும் எல்லாச் செலவும் தொழில் முதலாகிவிடாது. முதல் ஆழ்துளைக் கிணறு வற்றியதும், கையிருப்பையும் நகையையும் வைத்து இரண்டாவதைத் தோண்டி, அதுவும் பொய்த்துப் போன குடும்பங்கள் வறட்சிப் பகுதிகளில் உண்டு. உள்ள நீரைச் சொட்டுநீர்ப் பாசனத்தால் நீட்டிக்கலாம். பண்ணைக் குட்டை வெட்டி மழை நீரைத் தேக்கலாம். குறைந்த நீரில் விளையும் சிறுதானியத்தையும் பயறையும் பயிரிடலாம். இவற்றையெல்லாம் பார்த்த பிறகே புதிய கிணற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். குடும்பத்தின் அத்தனை இருப்பையும் ஒரே துளையில் இறக்குவது முதலீடு ஆகாது. அது சூதாட்டத்துக்கு ஒப்பாகும்.

கல்வி

கல்வியை நான்காவதாக வைக்கிறோம். அது காத்திருக்கலாம் என்பது இதன் பொருளன்று. வயது திரும்பி வாராது. பதினான்கு வயதில் பள்ளியை விட்ட பெண், குடும்பம் நிமிர்ந்த பிறகு மீண்டும் ஒன்பதாம் வகுப்பில் சேருவது அரிதினும் அரிது. கூரை வீடு ஐந்தாண்டு காத்திருக்கும். பிள்ளையின் பருவம் காத்திராது. ஆகையால், கெட்ட ஆண்டில் முதலில் வெட்டும் செலவாகக் கல்வியைக் கொள்ளவே கூடாது. வறட்சியைக் காரணங்காட்டிப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்புமுன் மணம் முடிப்பது, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாவதோடு, பொருளாதார நோக்கிலும் பெருநஷ்டமே.

அதே சமயம், தேவையானது கல்வியா, கல்வியின் பகட்டா என்பதையும் பகுத்தறிய வேண்டும். 1956ஆம் ஆண்டில் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவடைந்த சத்துணவும் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்தின. பாடநூலும் சீருடையும் விலையின்றிக் கிடைக்கின்றன. இவற்றை விடுத்து, வட்டிக்கு வாங்கிச் சம்பளமும் வேன் கட்டணமும் கட்டுமுன், பிள்ளை பிழையின்றி வாசிக்கிறதா, கணக்குப் போடுகிறதா என்பதைப் பெற்றோர் சோதித்தறிய வேண்டும். அரசுப் பள்ளியில் ஆசிரியர் குறைவெனில், அதை மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் எழுப்பிச் சீர்செய்வது நூறு குடும்பங்களின் செலவைக் குறைக்கும்.

கடன் நிவாரணமும் கையிருப்பும்

விவசாயக் கடன் புதிய பிரச்னையன்று. சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் இதைப் பற்றி இரண்டு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. எனினும், 1951-52ஆம் ஆண்டுக்கு எடுத்து 1954இல் வெளியிட்ட அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, விவசாயிகள் பெற்ற கடனில் 100க்குச் சுமார் 70 பங்கு லேவாதேவிக்காரர்களிடமிருந்தும், 3 பங்கு மட்டுமே கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தும் வந்தது எனக் கண்டது. இன்று பாங்குகளும் சங்கங்களும் பெரிதும் பெருகியுள்ளன. 2003ஆம் ஆண்டில் கந்துவட்டித் தடைச் சட்டமும் தமிழ்நாட்டில் வந்தது. ஆயினும், அவசரத்துக்குக் கைமாற்றாக வாங்கும் பழக்கம் மறையவில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட குடும்பம். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், முதிய தாய். சாகுபடி, பால், கூலி எல்லாம் சேர்ந்து, தொழிற்செலவு போக மாத வருவாய் 15,000 ரூபாய். மாதச் செலவு பின்வருமாறு:

உணவு 6,500
எரிபொருள், மின்சாரம் 1,000
வைத்தியம் 1,000
பள்ளிச் செலவு 1,000
உடை, சோப்பு முதலியன 1,000
பயணம், தொலைபேசி 1,000
டீக்கடை, பலகாரம், புகையிலை, மது 2,000
விசேஷம், மொய் 1,000
50,000 ரூபாய்க் கடனுக்கு நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி 1,500
ஆக மொத்தம் 16,000

மாதம் 1,000 ரூபாய் துண்டு விழுகிறது. ஆண்டு முடிவில் 12,000. அதையும் கடனாக வாங்கினால் கடன் 62,000 ஆகும். வட்டி மாதம் 1,860 ஆகும். அடுத்த ஆண்டு துண்டு 16,320. மூன்றாம் ஆண்டு பிறக்கும்போது கடன் 78,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். இதற்கிடையில் அக்குடும்பம் எந்தப் பெரிய ஆடம்பரமும் செய்யவில்லை. யாருக்கும் பெருநோயும் வரவில்லை.

இக்குடும்பம் இரண்டே காரியங்கள் செய்வதாகக் கொள்வோம். முதலாவது, கூட்டுறவுச் சங்கத்திலோ மகளிர் சுய உதவிக் குழுவிலோ ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் கடன் பெற்றுப் பழைய கடனை அடைப்பது. மாத வட்டி 1,500இலிருந்து 500 ஆகக் குறையும். இரண்டாவது, டீக்கடை, புகையிலை, மதுச் செலவைப் பாதியாக்குவது. இவ்விரண்டினால் செலவு 14,000 ஆகிறது. துண்டு விழுந்த இடத்தில் 1,000 ரூபாய் மிச்சம் நிற்கிறது. உணவிலும் பள்ளியிலும் ஒரு காசும் குறைக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

அம்மிச்சத்தில் 500 ரூபாயை அசலுக்குச் சேர்த்து, மாதந்தோறும் 1,000 ரூபாய் தவறாது கட்டினால், ஆறு ஆண்டுகளுக்குள் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். கட்டிய தொகை ஏறக்குறைய 70,000 ரூபாய். பழைய கடனை வைத்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் வட்டி மட்டும் கட்டியிருந்தால், 1,08,000 ரூபாய் கொடுத்த பிறகும் அசல் 50,000 அப்படியே நின்றிருக்கும். இதுவே வட்டியின் இயல்பு.

மீதி 500 ரூபாயில் 300 ரூபாயைக் கையிருப்பாகச் சேர்க்க வேண்டும். ஒரு மாத உணவுக்கும் மருந்துக்குமான 7,500 ரூபாய் சேர 25 மாதங்களாகும். கடன் இருக்கும்போது கையிருப்பு எதற்கு என்று சிலர் கேட்பர். கையிருப்பு இல்லாத வீட்டில் அடுத்த காய்ச்சல் மீண்டும் லேவாதேவிக்காரரின் திண்ணைக்கே அழைத்துச் செல்லும். அதற்காகவே இந்தச் சிறு அணை.

இன்னும் 76 ரூபாயில் கணவன் மனைவி இருவருக்கும் இன்ஷூரன்ஸ் அமையும். 2015ஆம் ஆண்டில் தொடங்கிய இரு காப்பீட்டுத் திட்டங்களுள், விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயும், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் வகுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய்க்குரியது. விபத்துத் திட்டத்தில் 70 வயது வரையிலும், ஆயுள் திட்டத்தில் 50 வயது வரையிலும் சேரலாம். இத்தொகை மே மாத இறுதியில் பாங்குக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அச்சமயம் கணக்கில் பணம் இல்லாமற்போனால் காப்பு அற்றுவிடும் என்பதை மறவாதிருத்தல் அவசியம். எஞ்சிய தொகை குழந்தைகளின் முட்டைக்கும் பழத்துக்கும் ஆகட்டும்.

சேமிப்பை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். அதிக வட்டி தருவதாகச் சொல்லும் பதிவற்ற சீட்டுகளில் போட்டு இழந்தோர் பலர். தபால் ஆபீசுச் சேமிப்புக்கு அரசாங்கமே பொறுப்பு. பாங்கு வைப்புத் தொகைக்கு 2020ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு பாங்கில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. ஏலச் சீட்டில் சேர்வோர், அது 1982ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டப்படி பதிவானதா என்று கேட்டறிந்தே சேர வேண்டும்.

வீடும் விசேஷமும்

ஒழுகாத கூரையும், விழாத சுவரும், காற்று வரும் சாளரமும், புகை போகும் சமையலறையும் உடல்நலத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் தள்ளிப் போடலாகாது. அதற்கு மேற்பட்ட விஸ்தாரம் காத்திருக்கலாம். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராம வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர் என்றும், சமவெளியில் அடிப்படை உதவித் தொகை 1,20,000 ரூபாய் என்றும் வகுக்கப்பட்டன. உதவி கிடைத்ததும், அளவை இரட்டிப்பாக்கி முன்கட்டும் மாடிப்படியும் வைத்து, கடனில் மூழ்குவதை அலுவல் முறையில் நாம் காண்கிறோம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியோர் எச்சரித்தது வீணன்று. அடித்தளத்தைப் பின்னால் விரிக்கத்தக்கதாகப் போட்டு, இப்போது ஓர் அறையோடு நிறுத்துவதே அறிவுடைமை.

விசேஷங்களை வெறும் வீண்செலவென்று தள்ளிவிட முடியாது. காதுகுத்தும் கல்யாணமும் உறவைக் காப்பவை; கஷ்டகாலத்தில் உதவுவதும் அவ்வுறவே. புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லைப் பகுதிகளில் நடைபெறும் மொய் விருந்து, ஊரார் தமக்குள் முதல் திரட்டிக் கொள்ளும் ஓர் ஏற்பாடாகவே வளர்ந்துள்ளது. ஆனால், வாங்கிய மொய் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனே. அதை வரவில் எழுதுபவர், அதே அளவு கடனிலும் எழுத வேண்டும். திருமணத்துக்கென்று நிலத்தை விற்கவோ கந்துவட்டிக்குக் கையெழுத்திடவோ நேருமானால், விருந்தைச் சுருக்குவதே மணமக்களுக்கு நாம் அளிக்கும் பெரிய சீர்வரிசை.

பஞ்சாயத்தின் பங்கு

ஒரு குடும்பம் எவ்வளவு முயன்றாலும் தனியே வாங்க முடியாத தேவைகள் உண்டு. 1974ஆம் ஆண்டில் தொடங்கிய ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் குறைந்தபட்சத் தேவைகள் என்று ஆரம்பக் கல்வி, கிராம சுகாதாரம், குடிநீர், சாலை, மின்சாரம், வீட்டுமனை, சத்துணவு முதலியவை சேர்க்கப்பட்டது இதனாலேயே. பஞ்சாயத்து சரியாக இயங்கினால், ஒவ்வொரு வீட்டுச் செலவும் குறைகிறது. நீர்த்தொட்டியை முறைப்படி கழுவிக் குளோரின் கலந்தால், ஊர் முழுவதற்கும் மருந்துச் செலவு குறையும். 2019ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வகுத்தபடி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் குழாயில் வந்தால், குடம் தூக்கும் நேரம் கூலி நேரமாகும். நெல் காயப் பொதுக்களம் அமைந்தால், ஈரப்பதம் 100க்கு 17க்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டு வியாபாரிக்கு அடிமாட்டு விலையில் விற்க நேராது.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள், ஆண்டு வேலைத் திட்டத்துக்கும் மேற்சொன்ன மூன்று சோதனைகளைப் பயன்படுத்தலாம். அலங்கார வளைவு முதலா, கழிவுநீர் வாய்க்கால் முதலா என்ற கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும். கிராம சபையில் இவ்விவாதம் நடக்கும்போது பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து பேசட்டும். வீட்டில் எது குறைகிறது என்பதை முதலில் அறிபவர் அவரே.

எங்கே தொடங்குவது?

வரும் மாதத்தின் முதல் தேதியன்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடப்பக்கம் வரவும் வலப்பக்கம் செலவும் எழுதத் தொடங்குக. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. பள்ளியில் படிக்கும் மகளோ மகனோ எழுதினால் மிகவும் நன்று. முப்பது நாள் கழிந்தபின் கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து, ஒவ்வொரு செலவுக்கும் எதிரே மூன்று கேள்விகளின் விடையைக் குறிக்கட்டும்.

மன்றங்களிலும் மகளிர் குழுக்களிலும் இப்பாடத்தைப் படித்தபின் பின்வருவனவற்றை விவாதிக்கலாம்:

1. நம் ஊரில் சென்ற ஆண்டு வாங்கிய கடன்களுள் நோய்க்காக எத்தனை, விசேஷத்துக்காக எத்தனை, சாகுபடிக்காக எத்தனை?
2. காப்பீட்டு அட்டை இல்லாத தகுதியுள்ள குடும்பங்கள் எவை? அவர்களுக்குச் சான்றிதழ் பெற்றுத்தரப் பொறுப்பேற்பவர் யார்?
3. பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் விட்ட காரணம் யாது?
4. பஞ்சாயத்து எந்த ஒரு வேலையைச் செய்தால் அதிக வீடுகளின் மாதச் செலவு குறையும்?

இந்நான்கு கேள்விகளுக்கும் பெயரோடும் எண்ணோடும் விடை எழுதி வைத்துள்ள பஞ்சாயத்து, தன் ஊரை உண்மையாகவே அறிந்த பஞ்சாயத்தாகும். அத்தகைய ஊரில் ஒரு பருவம் பொய்த்தாலும் அடுப்பு அணையாது. பிள்ளையின் புத்தகப் பை ஆணியில் தொங்காது. அந்நிலையை எய்த இன்றே கணக்கெழுதத் தொடங்குவோமாக.